ரம்புத்தான் மரத்தில் கம்பிக்கு மேலே மட்டும் பட்டை புடைப்பது ஏன்?

கேள்வி (பாலிக் புலாவ், பினாங்கு)

வணக்கம். துணிக்கொடி கட்டுவதற்காக எங்கள் ரம்புத்தான் மரத்தின் அடியில் சுற்றிய கம்பியைப் பல ஆண்டுகள் கழித்து இப்போதுதான் கவனித்தேன். கம்பிக்கு மேலே பட்டை தடித்துப் புடைத்திருக்கிறது, கீழே ஒட்டிக் கிடக்கிறது. இலைகளோ பசுமையாகவே உள்ளன. இலையில் உண்டாகும் சர்க்கரை, புளோயம் என்னும் உட்பட்டைக் குழாய்த் திசு வழியாகக் கீழிறங்கும் என்று மகள் சொல்கிறாள். அப்படியானால் நுனிக்கிளைப் பழத்திற்கு அது எவ்வாறு ஏறுகிறது? அதைத் தள்ளுவது எது?

மறுமொழி (கோலாலம்பூர்)

வணக்கம் ஐயா. தண்ணீர் உள்ளே கட்டைப் பகுதியிலுள்ள சைலம் என்னும் நீர்க்குழாய்த் திசுவின் வழியே ஏறுவதால் இலைகள் வாடவில்லை. கம்பி நெரித்தது பட்டையிலுள்ள புளோயத்தைத்தான். இறங்கி வந்த சர்க்கரை அங்கே தடைபட்டுத் தேங்குவதால் மேற்புறம் கொழுக்கிறது. பட்டையை வளையமாக உரித்து இத்தாலிய அறிஞர் மால்பிகி 17-ஆம் நூற்றாண்டிலேயே கண்டதும் இதே புடைப்புதான்.

தள்ளும் விசை அழுத்தத்திலிருந்து பிறக்கிறது. இலையில், புளோயத்தில் சர்க்கரை ஓடும் சல்லடைக் குழாயை ஒட்டிய துணைச்செல்கள் சுக்ரோஸ் என்னும் சர்க்கரையை அக்குழாய்க்குள் ஏற்றியதும், சவ்வூடு பரவலால் (சர்க்கரை மிகுந்த பக்கத்திற்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதால்) அருகிலுள்ள சைலத்திலிருந்து நீர் உள்ளே புகுந்து அழுத்தத்தை உயர்த்துகிறது. வேரோ பழமோ சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் நீரும் வெளியேறி அழுத்தம் தணிகிறது. இந்த வேறுபாடே சாற்றை ஓட வைக்கிறது என்று ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் முன்ச் 1930-இல் விளக்கினார். பல தாவரங்களில் அந்த ஓட்டம் மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே மேல், கீழ் என்ற கணக்கே இதில் இல்லை. சர்க்கரை உண்டாகும் இடத்திலிருந்து அது தேவைப்படும் இடத்திற்கு, எத்திசையானாலும் ஓடும். இளந்தளிரும் முதலில் பிற இலைகளிடமிருந்து பெற்றே வளர்கிறது.

மறுமொழி (புக்கிட் மெர்தாஜாம்)

ரப்பர் தோட்டத்தில் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்த என் அம்மா, உளி கட்டையைத் தொட்டுவிடக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பாக இருப்பார். அதன் பொருள் இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது. ரப்பர் பால் சர்க்கரைச் சாறு அன்று. அதற்குப் பட்டைக்குள்ளேயே தனி நாளங்கள் உண்டு. ஆனால் சர்க்கரை ஓடிக்கொண்டிருக்கும் சல்லடைக் குழாய்கள் கட்டையை ஒட்டிய மெல்லிய உட்பட்டையில் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பட்டையை விட்டுவைத்து வெட்டினால் அவையும், பட்டையைப் புதுப்பிக்கும் அடுக்கும் தப்பும். பால் உருவாவதற்கான சுக்ரோஸும் அக்குழாய்கள் வழியாகவே வருவதால், ஆழமாக வெட்டும் கை நாளைய பாலையும் சேர்த்தே வெட்டுகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கம்பியைத் தோண்டி எடுத்துவிடலாமா?

மறுமொழி (கோலாலம்பூர்)

வேண்டாம் ஐயா. வெளியே தெரியும் இடத்தில் வெட்டித் தளர்த்திவிடுங்கள். புதைந்த பகுதியைத் தோண்டினால், கம்பியின் மேல் வளர்ந்து இருபுறத்தையும் இணைத்திருக்கக்கூடிய பட்டையும் அறுந்து, சேமித்த மாவுப்பொருளைக் கொண்டு காலம் தள்ளும் வேர்களுக்கு எஞ்சிய வழியும் அடைபடும்.