காட்டெருமைக்கு மேல் முன்பல் விழுந்துவிட்டதா? ஏழு வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது?

கோத்தகிரி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம், அதைத் தாண்டினால் சோலை. போன ஞாயிற்றுக்கிழமை மகளும் பக்கத்து வீட்டுப் பையனும் தோட்டத்து ஓரத்தில் ஒரு மண்டை ஓடு கிடக்கிறது என்று ஓடிவந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பெரிய கொம்போடு காட்டெருமைத் தலை, கறியெல்லாம் போய் வெறும் எலும்பு. மூக்கெலும்பு ஓரத்தில் உளி வைத்துச் செதுக்கியது போல வரிவரியாக இருந்தது, அது என்னவென்று தெரியவில்லை.

பிரச்சினை அதுவல்ல. மகளுக்கு ஏழு வயது, மேல் முன்பல் இரண்டும் இந்த மாதம்தான் விழுந்தன. அந்தத் தலையிலும் மேலே முன்னால் ஒரு பல்கூட இல்லை. "அம்மா, இதுக்கும் என்னை மாதிரி பல் விழுந்துடுச்சா, அதான் சாப்பிட முடியாம செத்துப்போச்சா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன், ஆனால் ஏன் பல் இல்லை என்று எனக்கே தெரியாததால் அவள் நம்பவில்லை. மூன்று நாளாகத் தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள், இன்னொரு பல் ஆடுவதைச் சொல்லவும் பயப்படுகிறாள். குழந்தைக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

மாட்டு வைத்தியம் 30 வருடம்:

அம்மா, பாப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தக் காட்டெருமைக்குப் பல் விழவே இல்லை, அங்கே பல் முளைப்பதே கிடையாது. பல் விழுந்த தாடை என்றால் பல் இருந்த குழி எலும்பில் தெரியும். மேல்தாடை முன்பக்கம் நீங்கள் பார்த்தது வழவழவென்றுதானே இருந்தது?

பசு, எருமை, ஆடு, கடமான், நம் மலை வரையாடு, எல்லாமே இப்படித்தான். மேலே முன்பல்லுக்குப் பதிலாகக் கெட்டியான ஈறு, ஒரு மெத்தை மாதிரி. கீழே எட்டுப் பல். மாடு நாக்கை நீட்டிப் புல்லைச் சுருட்டி உள்ளே இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவில் அழுத்திக்கொண்டு தலையை ஒரு வெட்டு வெட்டும், புல் அறுந்துவிடும். பக்கத்தில் யார் வீட்டிலாவது மாடு இருந்தால் பாப்பாவைக் கூட்டிப்போய்ப் பத்து நிமிடம் மேய்வதைப் பார்க்க வையுங்கள், நாம் வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் புரியும். அந்தச் "சரக் சரக்" சத்தம்கூடக் கேட்கும்.

அரைக்கிற வேலை முழுக்கப் பின்னால்தான். ஒவ்வொரு பக்கமும் மேலே ஆறு, கீழே ஆறு கடைவாய்ப் பல், மொத்தம் 24. முன்னால் இருக்கிற எட்டையும் சேர்த்தால் 32, பெரியவர்களான நமக்கும் அதே கணக்கு. அசைபோடும்போது தாடை பக்கவாட்டில் போய்ப் போய் வரும்.

இன்னொன்றும் சொல்லுங்கள். கன்றுக்குட்டிக்கும் பால்பல் விழும். ஏறக்குறைய இரண்டு வயதில் நடு ஜோடி விழுந்து பெரிய பல் வரும், அப்புறம் ஒவ்வொரு ஜோடியாக. சந்தையில் "இரண்டு பல்", "நாலு பல்", "கடை சேர்ந்தது" என்று வயது சொல்வது இதை வைத்துத்தான். பல் விழுந்ததால் பட்டினி கிடந்த கன்றை என் சர்வீஸில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

மசினகுடிக்காரன்:

அக்கா, அந்த வரிகள் முள்ளம்பன்றி கொறித்த தடம். எலி, அணில், முள்ளம்பன்றி இவற்றின் முன்பல் சாகிற வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், கொறித்துத் தேய்க்காவிட்டால் நீண்டுபோய் வாயை மூட முடியாது. முள்ளம்பன்றி எலும்பைக் கொறிப்பது சுண்ணாம்புச் சத்துக்காகவும்தான். அந்தப் பல்லின் முன்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருக்கும், அது இரும்புச்சத்து கலந்த கெட்டியான பகுதி. பின்பக்கம் கொஞ்சம் மெத்து, அதனால் சீக்கிரம் தேயும், முன்பக்கம் எப்போதும் உளி மாதிரி கூராகவே நிற்கும். சாணைபிடிக்கிற வேலையே அதற்குக் கிடையாது.

அப்புறம் முக்கியமான விஷயம், அந்தத் தலையை வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எலும்பு, கொம்பு எதையும் நாம் வைத்துக்கொள்ளக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். எப்படிச் செத்தது என்று தெரியாத இடம், பிள்ளைகளைச் சோலை ஓரம் தனியாக விடவும் வேண்டாம்.

கூடலூர் அண்ணா:

யானையையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். யானையின் கோரைப்பல்தான் தந்தம். அதை வைத்து மரப்பட்டை உரிக்கும், சண்டை போடும்.

மசினகுடிக்காரன்:

அண்ணா, ஒரு திருத்தம். தந்தம் கோரைப்பல் இல்லை, மேல் வெட்டுப்பல். பலரும் மாற்றித்தான் சொல்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். காட்டுப்பன்றிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் கோரைப்பல், மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசியே கூராகும். நம் காட்டு யானைகளில் பெண்ணுக்குத் தந்தம் வெளியே தெரியாது, ஆணிலும் தந்தமில்லாத மக்னா உண்டு.

யானையின் கடைவாய்ப் பல்தான் எனக்கு ஆச்சரியம். நமக்குப் போலக் கீழிருந்து முளைக்காது. பின்னாலிருந்து செங்கல் மாதிரி ஒரு பெரிய பல் மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டு வரும், தேய்ந்த பழைய பல் முன்பக்கம் துண்டுதுண்டாக உடைந்து விழும். வாழ்நாளில் ஆறு தடவை. நமக்கு இரண்டே தடவை. ஆறாவதும் தேய்ந்துபோன கிழ யானையால்தான் சரியாகச் சாப்பிட முடியாது. பாப்பா பயப்படுவது அந்த யானைக்குப் பொருந்தும், அவளுக்கு இல்லை, அவளுக்குப் பல் இனிமேல்தான் வரப்போகிறது.

குன்னூர் டீச்சர்:

நான் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு ஊட்டி கேரட், கொஞ்சம் பொரிகடலை, ஒரு கண்ணாடி போதும். கேரட்டை எந்தப் பல்லால் கடிக்கிறாய், பொரிகடலையை எங்கே தள்ளுகிறாய் என்று பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். முன்பல் அரிவாள்மனை, கடைவாய்ப் பல் ஆட்டுக்கல். அப்புறம் தாடையில் கை வைத்துக்கொண்டு எதையாவது மென்று பார்க்கச் சொல்லுங்கள், நம் தாடை மேலும் கீழும் போகும், கொஞ்சம் பக்கவாட்டிலும் போகும். புலிக்கும் சிறுத்தைக்கும் பக்கவாட்டில் போகாது. அவற்றின் கன்னப்பற்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இறங்கும், கறியை நறுக்கி அப்படியே விழுங்கிவிடும். அசைபோடுகிற புலியை யாரும் பார்க்க முடியாது.

பல்லே இல்லாத அழுங்கும் (எறும்புத்தின்னி) உண்டு. நாக்கால் எறும்பை நக்கி விழுங்கும், அரைப்பது வயிறுதான், கூடவே விழுங்கிய சின்னக் கற்களும் உதவும்.

ஆனால் உங்கள் மகளுக்குச் சொல்ல வேண்டியது கரடியைப் பற்றித்தான். உங்கள் கோத்தகிரிப் பக்கம் வருகிற அதே கரடி. அதற்கு மேல்வரிசையில் நடுவில் இரண்டு முன்பல் கிடையாது, சரியாக உங்கள் மகளுக்கு இப்போது இருக்கிற அதே இடைவெளி. புற்றைத் தோண்டி, உதட்டைக் குவித்து, மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடைவெளி வழியாகக் கரையானை உறிஞ்சும். அந்தப் பல் இருந்தால்தான் அதற்குச் சிரமம்.

கோத்தகிரி அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வனத்துறைக்குச் சொல்லிவிட்டோம், நேற்று வந்து எடுத்துப்போனார்கள். அதற்கு முன் மகள் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "குழியே இல்லம்மா" என்று அவளாகவே சொன்னாள். எதிர்வீட்டு மாடு மேய்வதையும் பார்த்தோம். ராத்திரி கரடி விஷயம் சொன்னேன். பாயசத்தைக் கிண்ணத்தோடு வாயில் வைத்து அந்த இடைவெளி வழியாகவே உறிஞ்சிக் குடித்தாள், சட்டையெல்லாம் பாயசம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். ஆடிக்கொண்டிருந்த பல்லைத் தொட்டுப் பார்க்க என் விரலை அவளே பிடித்து வாய்க்குள் வைத்தாள்.