"கொஞ்சம் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது": கோதுமையை விட்டவர்களுக்கு நடந்தவை

செந்தூல், கோலாலம்பூர்

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கோதுமை சேர்க்காத சூஜி பிஸ்கட் (நெய் பிஸ்கட்) சோதனை ஆரம்பித்துவிட்டது. அதை அப்புறம் சொல்கிறேன். கோதுமை இல்லாமல் வாழும்போது யார் யாரிடம் என்னென்ன பேச வேண்டியிருந்தது என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். என் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு சீலியாக் நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஏழெட்டு வருடம் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருக்கும். போன இடத்திலெல்லாம் கேஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். அங்கே சத்தை உறிஞ்சுகிற, விரல் போன்ற மெல்லிய நீட்சிகள் மழுங்கிப்போகும். குடல் அப்படிக் கிடக்கும்போது மாத்திரையில் உள்ள இரும்பு மட்டும் எப்படிச் சேரும்?

நான் செய்த தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். ரொட்டி சானாய் (மைதாப் பரோட்டா) சாப்பிட்டால்தான் வலிக்கிறது என்று நானே கண்டுபிடித்து, மூன்று மாதம் கோதுமையை நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஒன்றுமில்லை என்று வந்தது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அந்தப் பரிசோதனை சரியாகக் காட்டும் என்று குடல் நிபுணர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஆறு வாரம் தினமும் ரொட்டி சாப்பிட்டுவிட்டு மறுபடி போனேன். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இன்னமும் கண் கலங்குகிறது. பிறகு எண்டோஸ்கோப்பி செய்து, குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கக் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விடுவதுதான் வைத்தியம்.

ஆனால் நான் சொல்ல வந்தது கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மாவைப் பற்றி. வெள்ளிக்கிழமை போயிருந்தேன். கேசரி கிண்டி, சாமிக்குப் படைத்து, வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். "பெரியம்மா, எனக்கு குளூட்டன் ஆகாது" என்றேன். அவருக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. "சாமி பிரசாதம்மா. கொஞ்சம் சாப்பிட்டா ஒன்னும் ஆகாது" என்றார். நான் இலையைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் வாடியது. இரண்டு மாதம் நான் அங்கே போகவே இல்லை.

அடுத்த முறை போனபோது அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "பெரியம்மா, ரவை, மைதா, ஆட்டா, சேமியா எல்லாம் கோதுமை. அதைச் சாப்பிட்டா என் குடல் புண்ணாகுது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "அப்போ பச்சரிசி மாவு?" சாப்பிடலாம். "உளுந்து? பாசிப்பருப்பு? கேவரு?" எல்லாம் சாப்பிடலாம். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!" என்று எழுந்து போனவர், அரை மணி நேரத்தில் நெய்யுருண்டையோடு வந்தார். பாசிப்பயறு மாவு, நெய், சர்க்கரை. அதில் கோதுமைக்கு வேலையே இல்லை. இன்று அவர் வீட்டில் எனக்கென்று ஒரு சல்லடையும் ஒரு வாணலியும் இருக்கின்றன, இரண்டிலும் சிவப்பு நூல் கட்டி.

குளூட்டன் என்று சொல்லாதீர்கள், மாவின் பெயரைச் சொல்லுங்கள். நான்கு வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது அதுதான். உங்கள் அனுபவம் என்ன?

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அக்கா சொல்வது கடைகளுக்கும் பொருந்தும். நான் லெபோ பாசார் பக்கம் வேலை செய்கிறேன், மதியச் சாப்பாடு வெளியில்தான். முதல் வருடம் "தோசைதானே, அரிசியும் உளுந்தும்தானே" என்று நம்பிச் சாப்பிட்டுச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறேன். ஒரு நாள் கடையின் பின்பக்கம் நின்று கவனித்தேன். அதே கல்லில்தான் ரவா தோசையும் வார்க்கிறார்கள், பக்கத்து மேசையில் ரொட்டி மாவு வீசிக்கொண்டிருக்கிறார்கள். கல்லில் நிற்கும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஊர் இராமநாதபுரம். அவர் அக்கா மகனுக்கும் கோதுமை ஒத்துக்கொள்ளாதாம். "காலையில ஆறரைக்கு வா தம்பி. கல்லைக் கழுவினவுடனே முதல் தோசை உனக்கு" என்றார். இரண்டு வருடமாக அந்த முதல் தோசை எனக்குத்தான். சட்னி மட்டும் ஊற்றிக்கொள்வேன், சாம்பார் வேண்டாம்.

ஏன் சாம்பார் வேண்டாம் என்றால், பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றுக்குக் கோதுமை மாவுதான் சேர்மானம். டப்பாவின் பின்பக்கம் போட்டிருப்பார்கள். நான் அதைப் படிக்கவே ஒரு வருடம் ஆயிற்று. வீட்டில் இப்போது அரிசி மாவோ பிசினோ சேர்த்ததைத் தேடி வாங்குகிறோம்.

சார் குவே தியாவ் அரிசி நூடுல்ஸ்தான். ஆனால் ஊற்றுகிற கிச்சாப்பில் (சோயா சாஸ்) பெரும்பாலும் கோதுமை இருக்கும். அசாம் லக்சா என்ற புளிப்பு மீன் குழம்பு நூடுல்ஸின் மேல் கரண்டியில் விடுகிற கருப்பு இறால் விழுதிலும் சிலவற்றில் மாவு கலந்திருக்கும். லக்சா கடை அம்மாவிடம் மலாயில் "தெப்போங் கண்டும் (கோதுமை மாவு) ஆகாது" என்று சொன்னேன். அவர் உடனே தன் விழுது டப்பாவை எடுத்து வந்து கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இருந்தது. அது இல்லாமல், புதினாவும் அன்னாசியும் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார்.

இன்னொன்று. 'புளுட்' அரிசியில் குளூட்டன் இருக்கிறது என்று பயந்து ஒரு வருடம் ஒதுக்கியிருந்தேன். ஒட்டுகிற அரிசி என்பதால் ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ்' என்று ஒரு பெயர் வந்துவிட்டது. குளூட்டனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒண்டே ஒண்டே, புளுட் தாய் தாய் போன்ற புளுட் பலகாரமெல்லாம் மறுபடியும் சாப்பிடுகிறேன், மாவு எதுவும் கலக்கவில்லை என்று கேட்டுக்கொண்டுதான்.

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

சின்னதாக ஒன்று. பார்லியை மறந்துவிடாதீர்கள். எனக்கு உடம்பு முடியாமல் போகும்போதெல்லாம் மாமியார் பார்லித் தண்ணி காய்ச்சிக் கொடுப்பார். உடம்புக்குக் குளிர்ச்சி, வயிற்றுக்கு நல்லது என்று அன்போடு கொடுப்பார். நானும் குடிப்பேன், இன்னும் மோசமாவேன். கோதுமையை விட்டும் ஏன் சரியாகவில்லை என்று எட்டு மாதம் தெரியவில்லை. மைலோ பானத்திலும் பார்லி மால்ட் இருக்கிறது. காலையில் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த அன்று மாமியார் அழுதுவிட்டார். இப்போது சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுக்கிறார்.

புக்கிட் மெர்த்தாஜாம், பினாங்கு

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் கண்டுபிடித்தார்கள். வளர்த்தி இல்லை, எடை ஏறவில்லை, பள்ளியில் எப்போதும் தூக்கம். கோதுமையை நிறுத்திய முதல் வருடத்திலேயே நன்றாக வளர்ந்துவிட்டாள்.

தனக்கு ஏன் இப்படி என்று கேட்பாள். அவளுக்கு ஒரு நிஜக் கதை சொல்வேன். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லையோ என்று அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், அங்கே பெரும் பஞ்சம், ரொட்டி கிடைப்பதே அரிதாகிவிட்டது. ஊரே பட்டினியில் வாடும்போது இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்ப வந்தது. "அந்தப் பிள்ளைகளாலதான் எனக்குக் கண்டுபிடிச்சாங்களா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

போன வருடம் அவளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். மறைக்கல்வி வகுப்பெல்லாம் முடிந்து, வெள்ளைச் சட்டை தைத்து, அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: நற்கருணை அப்பம் கோதுமை. இரண்டு நாள் தூங்கவில்லை. அரிசி மாவில் செய்து கொடுக்க முடியாதா என்று ஃபாதரிடம் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். அப்பம் கோதுமையாகத்தான் இருக்க வேண்டும், குளூட்டன் துளியும் இல்லாத அப்பம் செல்லாது. ஆனால் மிகக் குறைந்த குளூட்டன் உள்ள கோதுமை அப்பத்துக்கு அனுமதி உண்டு என்று 2017இல் வத்திகான் ஒரு கடிதத்தில் மறுபடியும் தெளிவுபடுத்தியிருக்கிறதாம். அப்பம் முடியாதவர்கள் திருஇரத்தத்தை, அதாவது பூசையில் அர்ப்பணித்த திராட்சை இரசத்தை, மட்டும் வாங்கலாம், அதுவும் முழு நற்கருணைதான் என்றார்.

எங்கள் நிபுணரிடம் கேட்டுவிட்டு, குறைந்த குளூட்டன் அப்பத்தை வரவழைத்தோம். ஃபாதர் அதோடு விடவில்லை. மற்ற அப்பங்களோடு கலக்கக் கூடாது என்று மூடியுள்ள ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக வைத்தார். அன்று அவளுக்குக் கொடுக்கும் முன் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பூசையில் அப்பத்தின் துணுக்கு ஒன்றைக் கிண்ணத்தில் இடும் வழக்கம் இருப்பதால், அவள் என்றாவது திருஇரத்தம் வாங்குவதானால் தனிக் கிண்ணம் வேண்டும் என்பதையும் அவரே நினைவுபடுத்தினார். இதெல்லாம் நான் கேட்காமலே செய்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது, நன்றியால்.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

நான் வீட்டிலேயே கேக், ரொட்டி செய்து விற்கிறேன். மூன்று வருடமாகக் கோதுமை மாவே வீட்டுக்குள் வருவதில்லை. முதலில் கோதுமை கேக்கும் கோதுமை இல்லாத கேக்கும் ஒரே மிக்சியில் செய்தேன். ஒரு வாடிக்கையாளரின் பிள்ளைக்கு என் கேக் சாப்பிட்டு உடம்பு சரியில்லாமல் போனது. உலக உணவுத் தரமான கோடெக்ஸ், 'குளூட்டன் இல்லாதது' என்று விற்கிற உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது. கிலோவுக்கு 20 மில்லிகிராம்! காற்றில் பறக்கிற மாவுத்தூளே போதும். அந்த வாரமே மரக்கரண்டி, உருட்டுக்கட்டை, பழைய சல்லடை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன்.

ரொட்டி பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். கோதுமை மாவைப் பிசையும்போது குளூட்டன் வலை மாதிரி இழுபட்டு, ஈஸ்ட் விடுகிற காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசி மாவில் அந்த வலை இல்லை. ஆறு மாதம் செங்கல்தான் சுட்டேன். ஒரு நாள் இட்லி மாவு பானையில் பொங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதிலும் குளூட்டன் இல்லையே, இது எப்படிக் காற்றைப் பிடிக்கிறது? உளுந்தின் வழவழப்பு! அன்றிலிருந்து என் ரொட்டி மாறிவிட்டது.

அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு மூன்றும் சேர்த்து 300 கிராம். ஊறவைத்து நுரைக்க அரைத்த உளுந்து ஒரு பெரிய கரண்டி. இசப்கோல் உமி 20 கிராம், இதை முதலில் 350 மில்லி தண்ணீரில் கலக்கிக் கூழாக விட வேண்டும். ஈஸ்ட் 7 கிராம், உப்பு, சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய். பிசைய வேண்டாம், கட்டியான வடை மாவு பதம் போதும். ரொட்டி டின்னில் போட்டு ஒரே ஒரு முறை பொங்க விடுங்கள். நம் ஊர் வெக்கைக்கு 40 நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் ஓவனில் அமுங்கிவிடும். 200 டிகிரியில் ஒரு மணி நேரம். முக்கியமானது இதுதான்: சூட்டோடு வெட்டாதீர்கள். உள்ளே களி மாதிரி இருக்கும். முழுக்க ஆறட்டும், இரண்டு மூன்று மணி நேரம்.

மாவு வாங்கும்போது கவனியுங்கள்: மூன்று தலை யானை போட்ட தாய்லாந்து மாவில் சிவப்புப் பொட்டலம் அரிசி மாவு, பச்சைப் பொட்டலம் புளுட் மாவு. மாறிவிட்டால் ரொட்டி வராது, கொழுக்கட்டைதான் வரும்.

செந்தூல், கோலாலம்பூர்

எல்லோருக்கும் நன்றி. புக்கிட் மெர்த்தாஜாம் தங்கச்சி எழுதியதைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைக்கு நெய்யுருண்டை அனுப்பு" என்கிறார்.

சரி, சூஜி பிஸ்கட். முதல் தட்டு கை பட்டதும் உதிர்ந்துவிட்டது. நெய்யைக் குறைத்தேன், இன்னும் மோசம். பெரியம்மாதான் போனில் சொன்னார்: "அரிசி மாவு நெய்யை இழுக்க நேரம் வேணும். பிசைஞ்சு மூடி வை." பச்சரிசி மாவு 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 60, மரவள்ளி மாவு 40. மூன்றையும் பண்டான் இலையோடு வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, 120 கிராம் நெய், 80 கிராம் சர்க்கரைப் பொடி, ஒரு கரண்டி பால் சேர்த்துப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். 150 டிகிரியில் 20 நிமிடம். தட்டிலேயே ஆறவிட்டு எடுத்தேன். ஒன்று கூட உடையவில்லை.

ஒரு டின் நிறைய கிள்ளானுக்கு எடுத்துப் போனேன். பெரியம்மா ஒன்றை வாயில் போட்டு, கண்ணை மூடி, இன்னொன்று எடுத்தார். அப்புறம் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்களுக்கும் இதையே வைக்கலாம், இந்த வருடம் இரண்டு மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை நான்கு கிலோ மாவு வறுக்க வேண்டும்.