இருங்காட்டுக்கோட்டை டிராக் டேவுக்கு எந்த பிரேக் பேடு? (பெட்ரோல் ஸ்விஃப்ட், பின்னாடி டிரம்)

டிஎன்24_கிருஷ்ணகிரி
வணக்கம். இன்ஜின்ல கை வைக்காத பெட்ரோல் ஸ்விஃப்ட். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம். அடுத்த மாசம் சென்னை பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல டிராக் டே (சொந்த வண்டியையே டிராக்ல ஓட்டிப் பார்க்கிற நாள்), 20 நிமிஷ செஷன் நாலு. கம்பெனி பேடே தாங்குமா, செராமிக் போடலாமா, இல்ல நேரா ரேஸ் பேடா? வேலூர் ரோட்டுல இதே வண்டியை ஓட்டிட்டுப் போய் இதிலேயேதான் திரும்பணும். வாரம் ஒரு தடவை சேலம் போறதால தொப்பூர் இறக்கமும் உண்டு.

சூடான_டிஸ்க்
செராமிக்கை முதல்ல மறந்துடுங்க. கடையில அந்தப் பேர்ல விக்கிறது சத்தமும் கரித்தூளும் குறையணும்னு செஞ்ச ரோட்டு பேடு. ரேஸ் கார்ல வர்ற கார்பன் செராமிக் டிஸ்க்குக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு.

சூட்டுக் கணக்கைப் பார்த்தா பதில் தானா வந்துடும். ஆளோட சேர்த்து வண்டி 1,000 கிலோன்னு வைங்க. 140-லிருந்து 60-க்கு ஒரு தடவை பிரேக் பிடிச்சா கழியற சக்தி சுமார் 6 லட்சம் ஜூல். அதுல முக்கால் பங்கு முன் சக்கரத்துக்குப் போகுது. ஒரு டிஸ்க் 5 கிலோ இருந்தா அந்த ஒரே மிதியில அதோட சூடு ஏறக்குறைய 100 டிகிரி ஏறும். சுத்து 3.7 கிலோமீட்டர்தான், ஏறின சூடு முழுசா இறங்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். கம்பெனி பேடுல துகளைப் பிடிச்சு வச்சிருக்கிற ரெசின் அந்தச் சூட்டுல புகைஞ்சு வாயுவாகும். பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல அது மெத்தை மாதிரி நிக்கும். மூணாவது நாலாவது சுத்துல பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிக்காது.

பேடு ஓரத்துல எஃப்எஃப், ஜிஜின்னு ரெண்டு எழுத்து அச்சடிச்சிருக்கும். முதல் எழுத்து சாதாரண சூட்டுல உராய்வு, ரெண்டாவது அதிக சூட்டுல. ஈ-ன்னா 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. எஃப்ஈன்னு இருந்தா சூடேறினா பிடி குறையும்னு அர்த்தம், வாங்காதீங்க. ஆனா அந்தச் சோதனையே சுமார் 340 டிகிரியோட முடிஞ்சுடுது, டிராக்ல அதையும் தாண்டும். அதனால எழுத்தை மட்டும் நம்பாம, பேடு கம்பெனி தர்ற சூடு-உராய்வு வரைபடத்தைக் கேளுங்க. உங்களுக்கு வேண்டியது ஆறின நிலையிலேயே பிடிக்கிற, 500 டிகிரி வரை தாங்குற ரகம். ஃபெரோடோ டிஎஸ்2500 அந்த வகை. உங்க காலிப்பருக்கு (பேடை டிஸ்க் மேல அழுத்துற பிடி) அந்த வடிவம் வருதான்னு பழைய பேடைக் கழட்டி ஒட்டிப் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க.

ஏர்_எடுக்கலாமா
பேடு சரிங்க, பிரேக் ஆயிலைப் பத்தி யாருமே பேசலையே? பெடல் கல்லா இருந்து வண்டி நிக்கலைன்னா பேடு கோளாறு. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனா ஆயில் கொதிச்சிருக்கு. முதல் தடவை டிராக் போறவங்க பல பேர் ரெண்டாவதைத்தான் பார்ப்பாங்க.

டாட்ங்கிறது பிரேக் ஆயிலோட தர வகை. டாட் 3 புதுசா இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில கொதிக்கணும், ஈரம் குடிச்சா 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. பேரைப் பார்த்து டாட் 5 வாங்கிடாதீங்க, அது சிலிக்கான், இந்த சிஸ்டத்துல சேராது. சீல் போட்ட புது டப்பாவா ஒரு லிட்டர் வாங்குங்க. மூடி திறந்து பாதி கிடக்கிற டப்பா வேண்டாம், காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கும்.

ஏர் எடுக்கிறப்ப (பழைய ஆயிலையும் உள்ள இருக்கிற காத்துக் குமிழையும் வெளியேத்துறப்ப) வழக்கமா மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற பம்பு) தூரமா இருக்கிற சக்கரம் முதல்ல: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மேனுவல்ல வேற மாதிரி போட்டிருந்தா அதுதான் சரி. ஆயில் பெயின்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லன்னா பெயின்ட் உரிஞ்சிடும்.

டிஎன்29_தொப்பூரான்
கேட்டவர் தொப்பூரைச் சொன்னதால ஒண்ணு. முழு ரேஸ் பேடு மாட்டிட்டு அந்த இறக்கத்துல வராதீங்க. அது 200 டிகிரிக்கு மேலதான் ஒழுங்கா கடிக்கும். முன்னாடி லாரி திடீர்னு நிக்கும்போது உங்க பேடு பச்சைத்தண்ணியா இருக்கும். மூணாவது கியர், தேவைப்பட்டா ரெண்டு, இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். நியூட்ரல்ல உருட்டினா எந்த பேடும் காப்பாத்தாது.

டிஎன்24_கிருஷ்ணகிரி
நன்றிங்க. டிராக்ல போய் பேடு மாத்திக்கிட்டு, கிளம்பும்போது பழையதைத் திரும்ப மாட்டலாமா? புது பேடைப் பழக்குறது எப்படி?

சூடான_டிஸ்க்
மாட்டலாம், ஆனா உங்களுக்கு அவசியமில்ல. ஒரு பேடு டிஸ்க்ல பூசுற படலம் அடுத்த பேடுக்கு ஒத்துக்காது, ஒவ்வொரு தடவையும் புதுசா பழக்கணும். நடுத்தர ரகம் ஒண்ணையே போட்டுட்டு, வாரம் பூரா கொஞ்சம் கீச்சுன்னு கத்தறதையும் சக்கரத்துல கரி படியறதையும் பொறுத்துக்குங்க.

மாட்டும்போது ஸ்லைடர் பின்னை (காலிப்பர் நகர்றதுக்கான கம்பி) கழட்டித் துடைச்சு, சூடு தாங்குற சிலிக்கான் கிரீஸ் லேசா போடுங்க. பின் இறுகியிருந்தா பேடு ஆப்பு மாதிரி ஒரு பக்கம் மட்டும் தேயும். டிஸ்க் ஓரத்துல குறைந்தபட்ச தடிமன் பொறிச்சிருக்கும், அளந்து பாருங்க.

பழக்குறதுக்கு காலியான ரோட்டுல 80-லிருந்து 20 வரை நடுத்தரமா எட்டு பத்து தடவை பிரேக் பிடிங்க. முழுசா நிறுத்தாதீங்க. அப்புறம் பிரேக் தொடாம பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்க. முடிச்ச கையோட கிருஷ்ணகிரி டோல் வரிசையில பெடலை மிதிச்சுக்கிட்டு நின்னீங்கன்னா பேடு டிஸ்க்ல அச்சுப் பதிஞ்சிடும். அதுக்கப்புறம் பிரேக் பிடிச்சாலே ஸ்டியரிங் உதறும், டிஸ்க் கோணிடுச்சுன்னு மெக்கானிக் சொல்வார்.

ஏர்_எடுக்கலாமா
டிராக்ல ஒவ்வொரு செஷன்லயும் கடைசி சுத்து மெதுவா, பிரேக்கே தொடாம. பேடு பாதிக்குக் கீழ தேய்ஞ்சிருந்தா அடுத்த செஷன் போகாதீங்க; மெலிஞ்ச பேடு வழியா சூடு நேரா ஆயிலுக்குப் போகும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதீங்க, சூடான டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவைக் கவ்விக்கும். கியர்ல விட்டு, டயருக்குக் கல்லு வைங்க.