புதுப்பிப்பு: பெங்களூரில் கைக்குழந்தைக்குப் பாஸ்போர்ட், கிடைத்துவிட்டது

பிறப்புச் சான்றிதழில் மகள் பெயர் இல்லை, ஆதாரை வைத்துப் பாஸ்போர்ட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. எடுக்க முடியாது. 2023 அக்டோபர் 1 அன்றோ பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கு ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும். "முதல்ல பேரைச் சேர்த்துடுங்க" என்று பதில் சொன்னவர்களில் ஒருவரான மாரத்தஹள்ளி அக்கா சொன்னதுதான் பலித்தது. பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் அதற்குக் கட்டணம் கிடையாது. அப்புறம் லால்பாக் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில், நாங்கள் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி (Annexure D, பெற்றோர் உறுதிமொழிப் படிவம்) கொடுத்தோம்.

எதிர்பாராதது போட்டோதான். 4 வயதுக்குக் கீழ் என்றால் வெள்ளைப் பின்னணியில் நாமே எடுத்துப்போக வேண்டும். தூங்குமூஞ்சியைக் கண் திறக்கவைக்கப் படாதபாடு பட்டோம். பாஸ்போர்ட் கட்டணத்தில் 8 வயதுக்குக் கீழ் 10% தள்ளுபடி உண்டு, எனவே 1,000 இல்லை, 900 ரூபாய். பாஸ்போர்ட் 5 வருடம் செல்லும்.