லோகஸ் செருலியஸ் தடமறிதல்: கடந்துபோகும் இழைகளை எப்படித் தவிர்ப்பது?

வணக்கம். சுண்டெலியின் மீசை உணர்வுப் புறணிக்கு மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்ற சிறு செல்தொகுதியிலிருந்து இழை அனுப்பும் நார்அட்ரினலின் செல்களை எண்ணுகிறோம். 0.5% சிடிபி (காலரா நச்சின் பி துணையலகு; இழைமுனையில் ஏறிச் செல்லுடலுக்குப் பின்னோக்கிப் போகும் தடப்பொருள்), 50 நானோலிட்டர், 7 நாள் காத்திருப்பு, 40 மைக்ரான் சீவல்.

சிக்கல்: இந்த இழைகள் புறணியின் முன்முனை வழியாக நுழைந்து ஆழ அடுக்குகளில் பின்னோக்கி ஓடுகின்றன. கண்ணாடிக் குழாயின் முனை ஆறாம் அடுக்கைக் கீறினால், பார்வைப் புறணிக்குப் போகும் இழையும் சிடிபியை உறிஞ்சிவிடும்; எண்ணிக்கை பொய்யாக ஏறும். குழாயை 10 நிமிடம் கழித்து எடுத்தால் மேல்பக்கக் கசிவுதான் குறையும். பார்வைப் புறணியில் வேறு நிறம் போட்டுக் கழிக்கவும் முடியாது. ஒரே செல் இரண்டு இடத்துக்கும் உண்மையிலேயே கிளை விடலாம்.

இதேபோல் பின்னோக்கிப் போகும் ஏஏவி-ரெட்ரோ வைரஸ் இந்தச் செல்களில் சரியாக ஏறுவதில்லை. கேவி-2 வைரஸை (பின்னோக்கிப் போகும் நாய் அடினோவைரஸ்) 300 மைக்ரான் ஆழத்தோடு நிறுத்திச் செலுத்தியவர்கள் இருந்தால், டைட்டரும் (வைரஸ் செறிவு) அளவும் சொல்லுங்கள்.