மறு: முழங்காற்சில்லு – நிலையாமையா, உறுதியின்மையா, தளம்பலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

முழங்காற்சில்லு, அதாவது முழங்காலின் முன்னே இருக்கும் சிறு வட்ட எலும்பு, திரும்பத் திரும்ப இடம் விலகும் நோய்க்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்ற பேச்சில் ‘சில்லு நிலையாமை’, ‘சில்லு உறுதியின்மை’ என்று இரண்டு சொற்கள் இந்தக் குழுமத்தில் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) பார்ப்பவள். இந்தத் தொல்லையோடு என்னிடம் வருவோரில் வலைப்பந்து விளையாடும் பள்ளிப் பிள்ளைகள் அதிகம். காலை ஊன்றியபடி சட்டெனத் திரும்பும்போது சில்லு வெளிப்பக்கமாகக் கழன்றுவிடுகிறது. பெரும்பாலும் காலை நீட்டியதும் தானாகவே உள்ளே வந்துவிடும். வலி போன பிறகும் பயம் போகாது. பிள்ளையைப் படுக்கவைத்து, முழங்காலைச் சற்று மடித்து, சில்லைப் பெருவிரலால் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளினால் போதும், தொடை இறுகும். என் கையை எட்டிப் பிடித்துவிடுவாள். அந்தப் பிடியே பரிசோதனையின் விடை.

‘உறுதியின்மை’ என்று சொன்னால் தாய்மார் கேட்பது, “பிள்ளைக்கு எலும்பு பலமில்லையோ மிஸ், கல்சியம் குடுக்கட்டோ?” என்றுதான். எலும்பின் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘நிலையாமை’ குறளின் 34ஆம் அதிகாரத்துக்கு உரியது. பதினைந்து வயதுப் பிள்ளையின் சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தில் அதை எழுத எனக்கு மனம் வராது.

‘தளம்பல்’ என்பதே என் பரிந்துரை. காற்றழுத்தத் தளம்பல் நிலை என்று மழைக்காலத்தில் வானொலியில் கேட்டுப் பழகிய சொல்தான். ஓரிடத்தில் நில்லாமல் அங்குமிங்கும் அசைவது என்ற பொருள் எல்லோருக்கும் விளங்கும். முழுதாகக் கழன்றால் சில்லு விலகல், அரைகுறையாக நகர்ந்தால் சில்லு நழுவல், இரண்டுக்கும் இடங்கொடுக்கும் நிலை சில்லுத் தளம்பல். மூன்றும் வெவ்வேறு சங்கதிகள், மூன்றுக்கும் தனிச் சொல் வேண்டும்.

சரி, இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். முதல் முறை விலகினால் பெரும்பாலும் முழங்காலைச் சுற்றிக் கட்டும் பட்டியும் பயிற்சியும்தான், குருத்தெலும்புத் துண்டு உடைந்து மூட்டுக்குள் கிடந்தாலொழிய. மறுபடி மறுபடி விலகும்போதுதான் கத்தி. சில்லின் உள்விளிம்பைத் தொடையெலும்போடு கட்டிவைத்திருக்கும் நார் முதல் விலகலிலேயே அநேகமாகக் கிழிந்துவிடுகிறது. முழங்கால் மடியத் தொடங்கும் முதல் 30 பாகை வரை சில்லை வெளியே போகவிடாமல் தடுப்பதில் அதற்கே பெரும்பங்கு. இதை ‘உட்சில்லு நார்’ என்போம். தொடையின் பின்புறத்துத் தசைநாண் ஒன்றை எடுத்து அந்த இடத்தில் புதிதாகப் பொருத்துவது ‘உட்சில்லு நார் மீளமைப்பு’. இதைச் ‘சீரமைப்பு’ என்று முன்பு எழுதியிருந்தார்கள். கிழிந்ததையே தைப்பதற்குத்தான் அது பொருந்தும். தொடையெலும்பில் பொருத்தும் புள்ளி சற்றுப் பிசகினாலும் காலை மடிக்கும்போது புது நார் இறுகி வலியெடுக்கும். அப்புறம் மாதக்கணக்கில் மடக்கப் பழக்குவது எங்கள் வேலை.

சில்லு ஓடும் பள்ளத்துக்குக் ‘கப்பி’ என்ற பெயரே போதும். மேல்நாட்டு உடற்கூற்றியலிலும் அதன் பெயருக்குக் கப்பி என்றுதான் பொருள். கிணற்றுக் கப்பியின் பள்ளம் தேய்ந்தால் கயிறு வெளியே நழுவுகிறதல்லவா, பிறவியிலேயே பள்ளம் ஆழமில்லாதவர்களுக்குச் சில்லும் அப்படித்தான் நழுவுகிறது. அதைக் குடைந்து ஆழப்படுத்துவது ‘கப்பி ஆழமாக்கல்’. பெரிய வேலை, தேர்ந்தெடுத்த சிலருக்கே செய்வார்கள். சில்லுக்குக் கீழுள்ள நாண் பற்றியிருக்கும் கணைக்கால் எலும்பின் மேடு, கப்பிப் பள்ளத்தின் நேரிலிருந்து 20 மில்லிமீற்றருக்கு மேல் வெளியே தள்ளியிருந்தால், அதை வெட்டி உட்பக்கம் நகர்த்தித் திருகாணியால் இறுக்குவதும் உண்டு. அதற்குக் ‘கணைமேட்டு இடமாற்றம்’.

இதையெல்லாம் ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னால் அதற்குத் தலையாட்ட முடியாது.

எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்டுக்கு நான் சொல்லும் ‘நார்’ என்பதில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. இலங்கையில் அதை ‘இணையம்’ என்று படித்தோம். தமிழகத்தில் அந்தச் சொல்லுக்கு இன்டர்நெட் என்று பொருள். ‘தசைநார்’ என்றால் தசையோடு குழம்பும். தமிழக மருத்துவ நண்பர்கள் வார்டில் நோயாளியிடம் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதினால், அதை வைத்து மேலே சொன்ன சொற்களின் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து