ஓ2 போட்டால் நேரம் பூஜ்யம் என்று வருகிறது, எதை நம்பி அளப்பது?

சிப்புட் தம்பி:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து எடை மேடைக்கு சி++-ல் புரோகிராம் எழுதுகிறேன், லோரியில் வரும் குலைகளின் எடையை டபுளில் (தசம எண் வகை) வாங்கி மாதத் தொகை போட வேண்டும். ஜிசிசி கம்பைலரில் வேகப்படுத்தலே இல்லாத ஓ0 வைத்தால் சோதனை லூப் (திரும்பத் திரும்பக் கூட்டும் பகுதி) மெதுவாக ஓடுகிறது, வேகப்படுத்தும் ஓ2 வைத்தால் நேரம் பூஜ்யம்! ஆனால் உண்மையான புரோகிராமில் ஓ2-க்கும், அதைவிட அதிகம் வேகப்படுத்த முயலும் ஓ3-க்கும் வித்தியாசமே இல்லை. மதியம் ஒரு நேரம் காட்டுகிறது, ராத்திரி வேறு நேரம்.

ஈப்போ அண்ணன்:
தம்பி, அந்த லூப் ஓடவே இல்லை. கூட்டிய தொகையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டிருப்பீர்கள், யாருக்கும் வேண்டாத கணக்கு என்று கம்பைலர் தூக்கிவிட்டது. தொகையைக் கடைசியில் திரையில் காட்டுங்கள். எடைகளையும் ஃபைலிலிருந்து படியுங்கள், கோடுக்குள்ளேயே எழுதி வைத்தால் கம்பைல் செய்யும்போதே விடையைக் கணக்கிட்டு வைத்துவிடலாம். அப்புறம் கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் இணையதளத்தில் போட்டு, கம்பைலர் உருவாக்கிய சிபியு கட்டளைகளை, அதாவது அசெம்பிளியைப் பாருங்கள், லூப் மிஞ்சியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எடுத்த நேரத்தை நான் நம்பமாட்டேன்.

கோலகங்சார் அக்கா:
ஓ3 உதவாததற்குக் காரணம் டபுள். தசமக் கூட்டலில் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறலாம், அதனால் பல எடைகளை ஒரே கட்டளையில் சேர்த்துக் கூட்டும் வெக்டர் வேலையை ஜிசிசி தானாகச் செய்யாது. ஒவ்வொரு கூட்டலும் முந்தையது முடியும்வரை காத்திருக்கும். வரிசையை மாற்ற அனுமதிக்கும் ஃபாஸ்ட்-மேத் ஆப்ஷனைக் கொடுத்தால் செய்யும், ஆனால் குலை வெட்டுகிறவர்களின் சம்பளம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது, தயவுசெய்து வேண்டாம். எடை பதிவாகாத லோரியை நேன் (எண் அல்ல என்ற குறி) என்று குறித்து ஒதுக்குகிறீர்கள் என்றால் அந்தச் சோதனையையே அது நீக்கிவிடலாம், மொத்தத் தொகையும் கெட்டுப்போகும். எடை மேடை முழுக் கிலோவில் காட்டினால் 64 பிட் முழு எண்ணில் கூட்டுங்கள். எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றுதான், ஓ3-ல் ஜிசிசி வெக்டராக்கத் தயங்காது. எந்த லூப்பை வெக்டராக்கியது என்று ஆப்ட்-இன்ஃபோ-வெக் ஆப்ஷன் சொல்லும்.

தைப்பிங் வாசகர்:
மதியம், ராத்திரி விஷயம்: நம்ம ஊர் வெயிலில் லேப்டாப் சூடாகி சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓ2-வை மதியமும் ஓ3-ஐ ராத்திரியும் ஓட்டி ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளக்கிறீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரே உட்காரலில், பலமுறை ஓட்டுங்கள். கோடு மெமரியில் எங்கே அமர்கிறது என்பதே நேரத்தை மாற்றும். 2013-ல் கர்ட்சிங்கர், பெர்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த இடத்தைத் தற்செயலாக மாற்றி மாற்றி எல்எல்விஎம் என்ற வேறொரு கம்பைலரில் அளந்தார்கள், ஓ2-விலிருந்து ஓ3-க்குப் போனதில் கிடைத்த பலனைத் தற்செயலான ஏற்ற இறக்கத்திலிருந்து பிரிக்க முடியவில்லை.

சிப்புட் தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. முழு எண்ணுக்கு மாற்றிவிட்டேன், அசெம்பிளியில் வெக்டர் கட்டளைகள் தெரிகின்றன. ஆனால் மொத்த நேரம் அசையவில்லையே?

ஈப்போ அண்ணன்:
நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டுப் பாருங்கள். எடைகளை டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படித்து எண்ணாக மாற்றுவதிலேயே நேரம் போகும் என்று நினைக்கிறேன், கூட்டல் அதில் ஒரு துளி. அப்படியென்றால் படிக்கும் பகுதியைத் திருத்துங்கள், ஓ2 போதும்.